அண்ணிக்குக் கட்டிய அறை

அண்ணே,

இன்று காலை சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு தேயிலைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த படத்துக்குப் பெரிய போர்டு எழுத வேண்டும். சட்டம் அடிக்கப் பலகை இல்லை என்று மளிகைக் கடைகளிலிருந்து காலிப் பெட்டிகளாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஓரத்துத் தகரத்தைச் சுத்தியலால் நெம்பினேன். உடனே அந்த வாசனை வந்தது. காய்ந்த தேயிலைத் தூளும் துருவும் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளும் கலந்த வாசனை. அதற்கு மேல் கை ஓடவில்லை.

"என்னலா, ஆணி குத்திருச்சா?" என்றார் கூட வேலை செய்கிறவர்.

"ஆமாண்ணே" என்றேன். உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கு வேலை நடக்காது.

நீங்கள் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. நம் மாடி வீடு இருந்த காஜா பேராங் பக்கம் போனால் இன்னமும் யாராவது என்னை நிறுத்தி, "தங்கமான மனுசன்பா, ஒரு சொல்லு எதுத்துப் பேசமாட்டான்" என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிகிறது. அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் உங்களிடமிருந்து எதையாவது வாங்கிக்கொண்டவர்கள். நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். உயிரோடு இருந்தபோது அதைச் சொல்லத்தான் செய்தேன், நீங்கள் சிரித்தீர்கள். இப்போது சிரிக்க முடியாது அல்லவா, அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த மாடிக்கு வந்த முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். கையில் ஒரு பை, கக்கத்தில் நடிகர் நடிகைகள் படச் சுருள். கீழே வீட்டுக்காரம்மா, மேலே ஒரே ஒரு நீள அறை. முன்பக்கம் தெருச் சடக்கைப் பார்த்து ஒரு சன்னல், பின்பக்கம் கிணற்றைப் பார்த்து ஒரு சன்னல். அதற்குள் நான்கு ஆட்கள் ஏற்கெனவே இருந்தீர்கள். ரோட்டு வேலையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சங்கிலி அண்ணன்தான் அறையை முதலில் எடுத்தவர். எல்லாரிடமும் வாடகை வாங்கிக் கீழே கொடுப்பவரும் அவர்தான். ரொட்டிக் கிடங்கில் வேலை செய்த அண்ணன் தம்பி இரண்டு பேர் பகலில் தூங்குவார்கள். அப்புறம் நீங்கள், ஜாசின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர்.

"இங்க எடம் ஏதுலா? காத்தே வரிசையில நின்னுதான் உள்ள வருது" என்றார் சங்கிலி அண்ணன்.

நீங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "கொஞ்சம் நகந்தா இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கும்ணே" என்றீர்கள். பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு நாள் முழுக்க அதைத்தான் சொல்வீர்கள் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் பெட்டியை அன்றைக்கே கொஞ்சம் நகர்த்தி எனக்குப் பாய் போட இடம் விட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை.

நான் எதற்கும் சட்டென்று பைத்தியமாகிவிடுகிற ஆள். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகவில்லை. சினிமாப் பத்திரிகையில் படத்துக்குக் கீழே உள்ள பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துத்தான் படிக்கவே கற்றேன். அதே எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் இந்த வேலைக்கும் வந்தேன். ஒரு நடிகரைப் பிடித்துவிட்டால் ஆறு மாசம் அவர் மாதிரி நடப்பேன். அந்த மாடியில் எனக்கு உங்களைப் பிடித்துப்போனது, நீங்கள் சாமான் அடுக்குவதைப் பார்த்துத்தான். பகலில் ரொட்டிக்காரர்கள் சுருட்டி எழுந்த இடத்தில் ராத்திரி யார் பாய் விரிப்பது என்று வரிசை போட்டிருந்தீர்கள். கப்பியில் கயிறு கட்டி, ஈரத் துணியைக் கூரைக்கு இழுத்துவிட்டீர்கள். இரும்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே பலகை போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்கினீர்கள். குடைகளுக்குக்கூட உத்தரத்தில் ஒரு சந்து கண்டுபிடித்தீர்கள். இத்தனை பேர் இருக்கிற அறையில் சாயங்காலம் நடுவில் நடக்கத் தரை தெரியும். வேறு எந்தப் பொடியன்கள் தங்குகிற வீட்டில் அது உண்டு? நான் கொட்டகையில் போய்ப் பெருமையடிப்பேன். எங்க ரூம்பப் பாக்க வாங்க, கப்பல் மாதிரி இருக்கும் என்பேன்.

பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத்துக்குத் தேதி சொன்னார்களே, அன்றைக்கு நான் தூரிகையைக் கழுவாமல் ஓடிப்போய்க் கூட்டத்தில் நின்றேன். நீங்கள் பஸ்ஸில் ஆள் அள்ளி அள்ளிக் கொண்டுவந்து திடலருகே கொட்டிக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வந்து, யாரும் கேட்காமலே சொன்னீர்கள்.

"அவளக் கூப்புட்டுக்கலாம்னு இருக்கேன்டா."

அண்ணியைப் பற்றி எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கடல் தாண்டி ஊருக்குப் போனீர்கள், கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில் லீவு தீர்ந்து திரும்பினீர்கள். பெண் குழந்தை பிறந்ததைத் துணிக்கடை பாய்தான் ஊருக்குப் போய் வந்து சொன்னார். பண்டார் ஹிலிரில் கடை வைத்திருக்கும் பாய்க்கு உங்கள் பக்கத்து ஊர், வருசம் ஒரு தடவை கப்பலேறுவார். அவர் வாய்வழியாகத்தான் உங்கள் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. மகள் நடக்கிறாள், மகள் பேசுகிறாள், மகளுக்கு முடியிறக்கியாச்சு.

"எங்கண்ணே வைப்பீங்க? சன்னல்லயா?" என்று நான் கேட்டேன்.

நீங்கள் பின்பக்கச் சன்னலைக் காட்டினீர்கள். அந்த ஓரத்தில் மட்டும் தடுத்துவிட்டால் ஒரு சின்ன அறை வரும். எல்லாரும் கொஞ்சம் நகர வேண்டும். சங்கிலி அண்ணன் யோசித்தார். நீங்கள் அந்த வருசம் முழுக்க அவருக்குச் சோறு பொங்கிப் போட்டிருந்தீர்கள். "சரி, பண்ணிக்க" என்றார்.

வீட்டுக்காரம்மா கம்போங் செட்டிக்காரர், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிப்போன நம் ஆட்கள். நாம் பீபி என்றுதான் கூப்பிடுவோம். சாமி, பூசை, திருநீறு என்று சில சொல் தவிர அவருக்குத் தமிழ் வராது. உங்கள் மலாய் பஸ் மலாய், ஏறு, இறங்கு, சில்லறை. அதை வைத்துக்கொண்டு கீழே போய் நீங்கள் கேட்டதைப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். பீபி வெற்றிலையைக் குதப்பிவிட்டுச் சொன்னார்: "பெரெம்புவான் திங்கால், மெஸ்தி அடா பிந்து." பொம்பளை இருக்கணும்னா கதவு இருக்கணும். திரைச்சீலை போட்டு ஏமாத்தக் கூடாது. கதவு, தாழ்ப்பாள் இரண்டும் வேண்டும்.

அதற்கப்புறம்தான் தேயிலைப் பெட்டிகள். பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நீங்களும் பிரித்துப் பிரித்துப் பலகை ஆக்கினோம். அறை முழுக்க அந்த வாசனைதான். ரொட்டிக்காரத் தம்பி, "தூக்கத்துலகூட தேத்தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்குலா" என்று முனகுவார்.

ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் நான் படம் காட்டினேன். சுவரோடு சேர்ந்து மடிகிற கட்டில். வெள்ளைக்காரன் வீட்டில் இடம் இல்லாமலா இப்படிச் செய்கிறான் என்று எனக்கு ஆச்சரியம். நீங்கள் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தீர்கள். அடுத்த வாரம் இரண்டு பெரிய கீல் கொண்டுவந்தீர்கள், பழைய பஸ் சீட்டிலிருந்து கழற்றியது. பகலில் மடித்தால் நிற்க இடம், இறக்கினால் மூன்று பேர் படுக்கலாம். கட்டிலுக்குக் கீழே அரிசி டின்னுக்கு ஓர் இடம். சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. அந்தத் தட்டை எந்த உயரத்தில் அடிப்பது என்பதற்கு ஒரு மத்தியானமே போனது.

"அண்ணி எம்புட்டு ஒசரம்ணே?"

நீங்கள் சுவரோரம் நின்று தோளில் கையை வைத்தீர்கள். கொஞ்சம் கீழே இறக்கினீர்கள். திரும்ப ஏற்றினீர்கள். "இங்க வரும். வளந்துருப்பாளோ என்னமோ."

"கல்யாணம் ஆனப்புறம் யாருண்ணே வளர்றாங்க?"

"போடா" என்று சிரித்துவிட்டு, என்னிடம் பென்சிலை வாங்கிப் பலகையில் கோடு போட்டீர்கள். அந்தக் கோட்டுக்குச் சரியாகத் தட்டு. கை தூக்காமல் எடுக்க வேண்டும் என்றீர்கள். அப்புறம் உத்தரத்தில் ஒரு கொக்கி.

"இது எதுக்கு?"

"தொட்டில்."

"ஒங்க மக ஸ்கூலுக்குப் போற வயசுண்ணே."

"அடுத்ததுக்குடா" என்றீர்கள். ரொட்டிக்காரர்கள் இரண்டு பேரும் தூக்கத்திலிருந்து எழுந்து சிரித்தார்கள். நான் கொட்டகையில் மிஞ்சிய பச்சை வர்ணத்தைக் கொண்டுவந்து உள்பக்கம் அடித்தேன். நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்தது அந்த அறைதான், அதில் ஒரு படமும் இல்லாவிட்டாலும்.

கதவு மாட்டியாச்சு. பீபி மாடியேறி வந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், திறந்து பார்த்தார், தலையை ஆட்டினார். பாய் கப்பலுக்குச் சொல்லிவிட்டார். அண்ணி வர இரண்டு மூன்று மாதம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் நீங்கள் அதைச் செய்தீர்கள். வேறு யாரும் செய்யவில்லை, நீங்களேதான் செய்தீர்கள்.

முருகன் படம் அதுவரை சங்கிலி அண்ணன் தலைமாட்டில் இருந்தது. பக்கத்திலேயே எங்கள் உள்பனியன்கள் காயும், அந்தப் பக்கம் என் நடிகைகள். "ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் இவன் ஒட்டுன ஆட்டக்காரி" என்று அவர் தினமும் பல்லைக் கடிப்பார். கடல் தாண்டி வருகிறவளுக்காக ஒரு மண்டலம் விளக்கேற்றப்போகிறேன் என்று நீங்கள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"சுத்தமான எடத்துல ஏத்துலா. ஒன் ரூம்புலயே வச்சு ஏத்து. சும்மாதானே கெடக்குது. அது வர்ற வரைக்குந்தானே."

"சாமி வாடக குடுக்குமாண்ணே?" என்றேன் நான்.

"வாயக் கழுவு" என்றார் அவர்.

நீங்கள் எனக்குச் சமாதானம் சொன்னீர்கள். "வேண்டுறதே அவளுக்காகத்தான்டா. அவ எடத்துலயே வச்சு வேண்டுனா என்ன?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. படத்தை எதன்மேல் வைப்பது என்று பார்த்தீர்கள். அந்த அறையில் அகலமாக இருந்தது கட்டில் ஒன்றுதான். அதை இறக்கி, மேலே வெள்ளைத் துணி விரித்து, முருகனை உட்கார வைத்தீர்கள். தட்டில் சூடமும் திருநீறும். தொங்குவிளக்கு ஒன்றைச் சங்கிலி அண்ணன் வாங்கிவந்தார். மாட்ட இடம் தேடினார்கள். கொக்கி தயாராக இருந்தது.

அந்த மாதமே சங்கிலி அண்ணனுக்கு வேலை நிரந்தரம் ஆனது. ரொட்டிக்காரத் தம்பிக்கு வெகுநாளாக ஆறாத தீக்காயம் ஒன்று காய்ந்தது. "சாமிக்கு எடம் புடிச்சுப்போச்சு" என்றார் சங்கிலி அண்ணன். காவடி எடுத்த இடத்திலிருந்து ஒரு பித்தளை வேல் கொண்டுவந்து, அரிசி நிரப்பிய சொம்பில் ஊன்றினார். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீடுகளிலிருந்து ஆள் வரத் தொடங்கியது. நீங்கள் தேங்காய் உடைத்தீர்கள், சுண்டல் அவித்தீர்கள், மடித்த காகிதத்தில் எல்லாருக்கும் கொடுத்தீர்கள். உங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கும் சுண்டல் பிடிக்கும்.

மண்டலம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் குளித்துவிட்டு, சூடம் காட்டி, படத்தைத் தூக்கப் போனீர்கள். கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட இன்னும் சில வாரம்தான் இருந்தது.

"என்ன செய்யிற?" என்றார் சங்கிலி அண்ணன் கதவோரம் நின்று.

"பழைய எடத்துல வச்சுர்றேண்ணே. கட்டில மடிச்சுப் பாத்து, கீலுக்கு எண்ண விடணும்."

"வேல் ஊனியாச்சுலா. ஊனுன வேலப் புடுங்குவாங்களா?"

"அவ வர்ற வரைக்கும்னுதானே..."

"அப்ப எனக்கு என்ன தெரியும், இவ்ளோ சக்தியா நிக்கும்னு? வெள்ளிக்கெழம எத்தன பேரு வர்றாங்க, பாக்கறல்ல? இது குடித்தனம் பண்ற எடமா இப்ப? சாமி ஒக்காந்த பலகையில புருசன் பொண்டாட்டி படுப்பீங்களா? மாசா மாசம் ஒதுங்குற பொம்பள இங்கதான் ஒக்காருமா? சொல்லு."

ரொட்டிக்காரர்கள் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார்கள். பெரியவர் கண் திறந்திருந்ததை நான் பார்த்தேன்.

உங்கள் கை படத்தின் இரண்டு ஓரத்திலும் இருந்தது. எடுத்திருக்கலாம். ஒரு முழம் தூக்கினால் போதும். நீங்கள் கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

சத்தம் கேட்டுப் பீபி மேலே வந்தார். என்னிடம் விசயத்தைக் கேட்டார். நான் என் அரைகுறை மலாயில் சொன்னேன். அவர் வீட்டிலும் சாமி உண்டு, கோயிலும் பக்கத்தில்தான். அவர் சங்கிலி அண்ணனைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்: "சாமி தாக் மாரா. ஓராங் யாங் மாரா." சாமிக்குக் கோபம் வராது, மனுசனுக்குத்தான் வரும் என்று.

"தமிழே பேசத் தெரியாது. சாமியப் பத்திப் பேச வந்துருச்சு" என்றார் சங்கிலி அண்ணன் எங்களைப் பார்த்து.

சொல் பிடிபடாவிட்டாலும் பீபிக்கு அது புரிந்தது. அந்த முகத்தை நான் ஒரு நாள் வரைந்து பார்க்க வேண்டும் என்று நினைத்ததுண்டு, முடியவில்லை. இறங்கிப் போனவர் அப்புறம் மாடிக்கு வரவே இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. "நான் எடுக்கறேண்ணே. வர்ற பாவம் எனக்கு வரட்டும்" என்று உள்ளே நுழைந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அவ்வளவு பலம் உங்களுக்கு உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பலத்தை என்மேல் காட்டினீர்கள்.

"வேணாம்டா. அவ கடல்ல ஏறப்போற நேரம். அவளப் பாத்துக்கன்னு யாருகிட்ட சொன்னனோ அந்தச் சாமிய வீட்ட விட்டுக் கௌப்புறதா? தண்ணியில ஏதாச்சும் ஆனா?"

"அப்ப அண்ணி எங்கண்ணே தங்கும்?"

"வந்து சேரட்டும். வந்தப்புறம் எடுத்துக்கலாம்."

"எடம் இல்லாம எப்படி வரும்?"

நீங்கள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டீர்கள். சாமியை எடுத்தால்தான் அண்ணிக்கு இடம். அண்ணி பத்திரமாக வந்து சேர்ந்தால்தான் சாமியை எடுக்க உங்களுக்குத் தைரியம். இந்த முடிச்சை நீங்களே கட்டி, நீங்களே உள்ளே உட்கார்ந்துகொண்டீர்கள். எத்தனை பேரைப் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தள்ளியிருக்கிறீர்கள். ஒரு படத்தை நகர்த்த வரவில்லை.

மறுநாள் பாய் கடைக்குப் போய், அண்ணி வருவதை அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போடச் சொன்னீர்கள். நானும் கூட வந்தேன். பாய் துணியை மடித்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு மடிப்பதை நிறுத்தினார்.

"நான் இதுல பேசக் கூடாது தம்பி. ஆனா பேசறேன். அந்தப் புள்ள பெட்டி கட்டி வச்சுட்டு ஒக்காந்துருக்கு. நான் என்னன்னு சொல்லி அனுப்ப?"

"ரூம்பு இன்னும் முடியலன்னு சொல்லுங்க பாய்."

"முடிஞ்சதுன்னு போன மாசந்தான் சொல்லி அனுப்புனேன். பச்ச வர்ணம் அடிச்சதுவரைக்கும் சொல்லிருக்கேன்."

"வர்ணம் காயலன்னு சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

அடுத்த கப்பலுக்கும் வர்ணம் காயவில்லை. நீங்கள் சங்கிலி அண்ணனுக்குச் சோறு பொங்கிக்கொண்டே இருந்தீர்கள். மனசு மாறும் என்றீர்கள். பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் ஓர் அறை இருக்கிறது என்று நான் அலைந்து பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் வரவே இல்லை. முதல் பஸ்ஸுக்கு அங்கிருந்து வந்து சேர முடியாது என்றீர்கள். உண்மைதான். இன்னொரு உண்மையும் இருந்தது. அந்த அறையை விட்டுப் போக உங்களுக்கு மனசில்லை. அண்ணி உயரத்துக்கு அடித்த தட்டு அங்கேதான் இருந்தது.

மெர்டேக்கா வந்தது, சுதந்திர நாள். ஊர் முழுக்கக் கொடி. நானே எத்தனை கொடி வரைந்தேன் என்று எனக்குக் கணக்கில்லை, கையெல்லாம் சிவப்பும் நீலமும். அன்றைக்கு உங்கள் பஸ்ஸில் ஏறினேன். ஆட்கள் சன்னலிலும் தொங்கினார்கள். நீங்கள் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தீர்கள். ஒரு புதுக் குடும்பம் ஏறியது, அப்போதுதான் ஊரிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண் கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு, கண்ணில் எல்லாமே புதுசு. நீங்கள் அவர்களுக்கு முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தீர்கள். அதற்கப்புறம் காஜா பேராங் வரும்வரை நீங்கள் யாரிடமும் சில்லறை வாங்கவில்லை.

பிறகு வெளிநாட்டிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிடுவது கடுமையாகிவிட்டது. யார் யாருக்கு என்ன சட்டம் என்று காப்பிக் கடையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாய் விசாரித்துவிட்டு வந்து, உங்கள் மாதிரி ஆளுக்கு இனிமேல் லேசில் நடக்காது என்றார். "அன்னிக்கே வந்துருந்தா" என்று தொடங்கியவர், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அன்று மாலை சங்கிலி அண்ணன் உங்கள் தோளைத் தட்டி, "எல்லாம் அவன் செயல்லா" என்றார். நீங்கள் ஆமாம்ணே என்றீர்கள். ஆமாம்ணே என்று சொன்னதுதான் அண்ணே, அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் வருசங்கள். அந்தக் கதவுக்கு வெளியே பாய் போட்டுப் படுப்பீர்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் உள்ளே நிறைந்துவிடும், நீங்கள் மாடிப்படி ஓரமாக நின்று எல்லாருக்கும் பின்னால் திருநீறு வாங்குவீர்கள். ஒரு தடவை நான் எல்லார் முன்னாலும் சத்தமாகவே கேட்டேன்: "இது யாரு ரூம்புன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமா?" புதிதாக வந்த ஓர் அம்மாள், "சாமி ரூம்புதானே தம்பி" என்றார். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போய்த் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தீர்கள். "கத்தாதடா. தொண்ட போயிரும்" என்றீர்கள்.

உங்கள் தொண்டைதான் போனது. இருமல், அப்புறம் நெஞ்சு, அப்புறம் ஆஸ்பத்திரி. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி விட்டிருந்தார்கள். அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு கட்டில் போடலாம்டா" என்றீர்கள். அப்போதும் நான் சிரித்தேன். நீங்கள் சொன்ன கடைசி வேடிக்கை அது. அண்ணியைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்டால் சாமி பார்த்துக்கொள்வார் என்பீர்களோ என்று பயம்.

காரியம் முடிந்த வாரம், சங்கிலி அண்ணன் உங்கள் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். கண்டக்டர் தொப்பியோடு எடுத்த படம். அந்த அறைக்குள் சாமிக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்தார். "அவன் கட்டுன ரூம்பு. அவனும் இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார், அதையும் சொல்ல வேண்டும். உயிரோடு ஒரு நாள்கூட உங்களுக்கு அதில் படுக்க இடம் இல்லை. படமானதும் ஒரு நொடியில் இடம் கிடைத்தது, யாரும் நகர வேண்டியிருக்கவில்லை. நான் அன்றைக்கே என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பீபி வாசலில் நின்றார். என் தலையைத் தொட்டு அனுப்பினார்.

இப்போது கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறேன். உங்களிடம் பார்த்த மாதிரியெல்லாம் அடுக்கியிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. யாராவது வந்து ஒரு பெட்டியை நாலு நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் முடியாது என்கிறேன். சொல்லிவிட்டு, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்நெஞ்சன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இருக்கட்டும்.

போன வாரம் பாய் கொட்டகைக்கே தேடி வந்தார். ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறார், இந்தத் தடவை வழக்கத்தை மீறி அடுத்த கப்பலிலேயே மறுபடியும் போகிறார். உங்கள் மகள் வளர்ந்துவிட்டாளாம், உங்கள் சாயலாம். அண்ணி உங்களைப் பற்றி எல்லாம் விசாரித்திருக்கிறார், கடைசியில் என்ன சாப்பிட்டீர்கள், யார் கொள்ளி வைத்தது என்று. பாய் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்.

"அப்பறம் ஒன்னு கேட்டுச்சு தம்பி" என்றார் பாய். "அந்தப் பச்ச ரூம்பு. எனக்குன்னு கட்டுனாங்களே, அதுல இப்ப யாரு குடியிருக்கான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாதும்மா, தம்பியக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். என்ன சொல்லட்டும்?"

நான் யோசித்துச் சொல்கிறேன் பாய் என்றேன். இன்றைக்கு வரை யோசிக்கிறேன். யாரும் இல்லை என்று சொல்லலாம், யாரோ ஒரு குடும்பம் என்று சொல்லலாம். பொய் சொல்வதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லத்தான் முடியவில்லை அண்ணே. முருகன் இருக்கிறார் என்று பாய் போய்ச் சொன்னால், அண்ணி அங்கே நின்றபடியே கிழக்கே பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும்.